கேட்க ஓர் ஆள், சொல்ல ஓர் இடம்: சங்கத்துக்கு எந்தத் தொடர்பு முறை பொருந்தும்?

அலுவலகம் பட்டினத்தில், உறுப்பினர்கள் மூதூரிலும் கிண்ணியாவிலும் வெருகலிலும் குச்சவெளியிலும் என்று பரந்து கிடக்கும் சங்கங்கள் திருகோணமலையில் நிறைய. மரணாதாரச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், பழைய மாணவர் சங்கம், ஆலய பரிபாலன சபை, எதுவானாலும் தலைவலி ஒரே மாதிரித்தான் வருகிறது. எதற்கு யாரிடம் கேட்பது என்று உறுப்பினருக்குத் தெரியாது. யார் சொன்னால் அது சங்கத்தின் முடிவு என்று நிர்வாகிகளுக்கே தெளிவில்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் தரைவழிப் பயணம் எவ்வளவோ இலகுவாகிவிட்டது. ஆனாலும் ஒரு கையெழுத்துக்காக வெருகலிலிருந்து பட்டினம் வந்தவருக்கு, "அதைப் பொருளாளரிட்டத்தான் கேக்க வேணும், அவர் இண்டைக்கு இல்லை" என்று பதில் கிடைத்தால், பஸ் காசோடு ஒரு நாள் உழைப்பும் போய்விடும்.

இதைச் சமாளிக்க மூன்று முறைகள் நடைமுறையில் இருக்கின்றன. எல்லாரையும் ஒரே வட்ஸ்அப் குழுவில் சேர்த்து, எல்லாவற்றையும் அங்கேயே பேசி முடிப்பது முதல் முறை. தலைவர், செயலாளர், கிளைத் தலைவர், உறுப்பினர் என்று படிப்படியாகத் தகவலை இறக்குவதும் ஏற்றுவதும் இரண்டாவது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பொறுப்பாளரை எழுத்தில் நியமித்து, அறிவித்தல், வேலைப் பேச்சு, முடிவு மூன்றையும் தனித்தனி வழியில் விடுவது மூன்றாவது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரிச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். 120 உறுப்பினர்கள். மூதூர், வெருகல், குச்சவெளி என மூன்று கிளைகள். மரண உதவி, சிறுகடன், வெள்ள நிவாரணம் என மூன்று வேலைகள்.

எல்லாரும் ஒரே குழுவில்

செலவில்லை, ஆயத்தம் இல்லை, இன்று நினைத்தால் இன்றே தொடங்கலாம். பதினைந்து பேருக்குள், அடிக்கடி முகம் பார்த்துக்கொள்ளும் ஒரு சிறு அமைப்புக்கு இதைவிட வேறொன்றும் தேவையில்லை. ஆட்கள் கூடும்போதுதான் கணக்கு மாறுகிறது. 12 பேர் ஒருவரோடொருவர் பேசினால் 66 தொடர்புகள். 120 பேர் என்றால் 7,140. அத்தனை பேச்சும் ஒரே பானையில் விழுகிறது.

முதலில் மூழ்குவது அறிவித்தல். காலை ஆறு மணிக்குப் போட்ட கூட்ட அழைப்பு, காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் மேலே ஏறி, மத்தியானம் கைத்தொலைபேசியைத் திறப்பவரின் கண்ணுக்குப் படாமல் போகிறது. அவர் வராததைக் குற்றமாகச் சொல்லவும் முடியாது.

அதைவிடப் பெரிய ஆபத்து, குழுவில் முடிவெடுப்பது. "இந்தக் கடன் விண்ணப்பத்தைக் கொடுக்கலாமா?" என்று செயலாளர் கேட்கிறார். ஏழு பேர் கட்டைவிரல் அடையாளம் போடுகிறார்கள். அது "பார்த்தேன்" என்பதா, "சம்மதம்" என்பதா? போட்ட ஏழு பேரில் எத்தனை பேர் நிர்வாக சபை உறுப்பினர்? போடாதவர்கள் எதிர்ப்பா, இணையம் இல்லையா? கடன் திரும்பி வராத நாளில் இந்த ஏழு அடையாளங்களையும் ஆளுக்கொரு விதமாக விளக்குவார்கள். பதிவு என்ற வகையிலும் அது நிற்காது. அனுப்பியவர் ஒரு செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். ஏறக்குறைய இரண்டரை நாள்வரை எல்லாருக்கும் அழிக்கலாம். மறையும் செய்தி என்ற அமைப்பை யாராவது முடுக்கி வைத்திருந்தால் 24 மணியிலோ 7 நாளிலோ 90 நாளிலோ எல்லாம் தானாகப் போய்விடும். கணக்காய்வாளர் முன்னால் வைக்கக்கூடிய ஆதாரம் இது ஆகாது.

நிலுவை விவகாரத்தை 120 பேர் முன்னால் எழுதுவது இன்னொரு பிழை. ஒரு குடும்பத்தின் மானத்தோடு விளையாடும் வேலை அது. அதன்பிறகு அந்த உறுப்பினர் சங்கப் பக்கமே வரமாட்டார், கடனும் வராது.

வழி ஒன்று மட்டும் என்றால் அது அடைபடும் நாளில் எல்லாம் அடைபடும். இலங்கையில் 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் வட்ஸ்அப் உட்பட சமூக ஊடகங்கள் அரசால் முடக்கப்பட்டன. 2022இல் ஒரு கட்டத்தில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. குழுவை மட்டும் நம்பியிருக்கும் சங்கத்துக்கு அப்படியான நாளில் உறுப்பினர் பட்டியலே கையில் இருக்காது. எண்கள் எல்லாம் குழுவுக்குள்ளேதான் இருக்கும்.

படிமுறை: மேலிருந்து கீழ், கீழிருந்து மேல்

பழைய முறை என்று ஒதுக்க வேண்டாம். பிரான்ஸின் சுரங்கப் பொறியியலாளர் ஹென்றி ஃபயோல் 1916இல் எழுதிய நிர்வாகக் கோட்பாடுகளில் ஒன்று, ஒரு பணியாளருக்கு ஒரே மேலாளிடமிருந்துதான் உத்தரவு வரவேண்டும் என்பது. எங்கள் சங்கங்களின் யாப்புகளும் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் இருக்கின்றன. கிளைச் செயலாளருக்குத் தலைவர் ஒன்று சொல்லி, பொருளாளர் வேறொன்று சொன்னால் அவர் இரண்டையும் செய்யாமல் இருந்துவிடுவார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

படிமுறையின் உண்மையான பலம் தொலைபேசிச் சங்கிலியில் தெரியும். ஒருவர் ஐந்து பேருக்கு எடுக்கிறார், அந்த ஐவரும் ஐந்தைந்து பேருக்கு, அந்த 25 பேரும் ஐந்தைந்து பேருக்கு. மூன்று சுற்றில் 5, 25, 125 என்று 155 பேரைத் தொடலாம். ஓர் அழைப்புக்கு இரண்டு நிமிடம் வைத்தால், எல்லாரும் எடுத்தால், அரை மணித்தியாலத்தில் சங்கம் முழுவதுக்கும் செய்தி போய்விடும். இணையம் வேண்டாம், ஸ்மார்ட்போன் வேண்டாம், எழுத்து வாசிக்கத் தெரிந்திருக்கவும் வேண்டாம். மூத்த உறுப்பினர்கள் அதிகம் உள்ள மரணாதாரச் சங்கங்களுக்கு இது பெரிய விடயம்.

அறுவது எங்கே? முதல் ஐவரில் ஒருவர் எடுக்காவிட்டால் அவரோடு சேர்த்து 31 பேருக்குச் செய்தி போகாது. ஆகவே சங்கிலி போடும்போதே இரண்டு விதிகளை எழுதிவிட வேண்டும். ஒருவர் இரண்டு முறை அழைத்தும் எடுக்காவிட்டால், அழைத்தவரே அவருக்குக் கீழுள்ள ஐவருக்கும் எடுக்க வேண்டும். இதற்காக ஒவ்வொருவரிடமும் தனக்குக் கீழ் இரண்டு படிகளின் எண்கள் தாளில் இருக்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு வரிசையிலும் கடைசியாகச் செய்தி பெற்றவர் தொடக்கியவருக்குத் திரும்ப எடுத்து, தான் கேட்டதை அப்படியே சொல்ல வேண்டும். "எத்தனை மணி" என்பது வழியில் எப்படி மாறுகிறது என்பது அப்போதுதான் பிடிபடும். செய்தியில் என்ன, எங்கே, எப்போது என்ற மூன்றைத் தவிர வேறொன்றும் இருக்கக்கூடாது. நாலாவதாக ஒரு காரணத்தைச் சேர்த்தால், மூன்றாம் சுற்றில் காரணம் மட்டும்தான் போய்ச் சேரும்.

அன்றாட வேலைக்கு இந்த முறை கனதியானது. மூதூர்க் கிளைக்கு வெருகல் கிளையிடமிருந்து இரண்டு கூடாரம் இரவல் வேண்டும் என்றால், கேள்வி பட்டினத்துக்கு ஏறி, தலைவரைக் கண்டு, மறுபடி இறங்க வேண்டும். ஃபயோலே இதற்கு விதிவிலக்குச் சொல்லியிருக்கிறார்: இருவரின் மேலாட்களும் முன்கூட்டியே அனுமதித்திருந்தால், அவர்கள் பக்கவாட்டில் நேரே பேசி முடித்துவிட்டு, முடிந்ததை மேலே அறிவித்தால் போதும். சங்கத்தில் இதை ஒரு வரியில் எழுதிவைக்கலாம்: பொருள் இரவல், ஆள் உதவி, திகதி மாற்றம் ஆகியவற்றைக் கிளைகள் தங்களுக்குள் பேசி முடித்து அன்றே செயலாளருக்குச் சொல்ல வேண்டும். காசு சம்பந்தப்பட்டால் மட்டும் மேலே போக வேண்டும்.

இன்னொரு குறையைப் பேச எவரும் விரும்புவதில்லை. படிமுறையில் கிளைத் தலைவர் வாசற்காவலர் ஆகிவிடுகிறார். நிவாரணம் வருகிறது என்ற தகவல் அவருக்கு வேண்டியவர்களுக்கு முதலிலும் மற்றவர்களுக்குப் பிறகும் போகலாம். அவர் நேர்மையானவராக இருந்தாலும் அந்தச் சந்தேகம் எழும். கீழிருந்து வரும் முறைப்பாடும் அவரைத் தாண்டி மேலே போகாது. படிமுறையை வைத்திருக்கும் எந்தச் சங்கமும், உறுப்பினர் எவரும் நேரே எழுதக்கூடிய ஒரு முறைப்பாட்டு வழியைத் திறந்து வைக்க வேண்டும். அதைக் கவனிப்பவர் அந்தக் கிளையைச் சேர்ந்தவராக இருக்கக்கூடாது.

புயல் நாளில் மட்டும் நான் தயங்காமல் படிமுறையின் பக்கம் நிற்பேன். 2020 டிசம்பர் 2 இரவு புரேவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. அப்படியான இரவில் கலந்துரையாடலுக்கு இடமில்லை, வதந்திக்கு இடமே இல்லை. எச்சரிக்கையைச் சங்கம் தானாகத் தயாரிக்கக்கூடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்திலோ பிரதேச செயலகத்திலோ கிராம உத்தியோகத்தரிடமோ உறுதி செய்த செய்தியை, பெயர் குறிப்பிட்ட ஒரே ஒருவர் சங்கிலியில் இறக்க வேண்டும். கோயில் ஒலிபெருக்கியும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் எங்கள் ஊர்களில் இன்னமும் வேகமான வழிகள். அவற்றுக்குச் செய்தி கொடுப்பவர் யார் என்பதும் மழைக்காலத்துக்கு முன்பே, ஒக்டோபர் கூட்டத்திலேயே தீர்மானமாகி இருக்க வேண்டும்.

வேலைக்கு ஒருவர், பேச்சுக்கு ஓர் இடம்

மூன்றாவது முறைக்குத் தொடக்க உழைப்பு அதிகம். நிர்வாக சபை இரண்டு நீண்ட கூட்டங்களாவது இருந்து பேச வேண்டும். பயனும் அதற்கேற்றதுதான்.

முதல் வேலை ஒரு பொறுப்புத் தாள், அதுவும் ஒரே பக்கத்தில். இடப்பக்கத்தில் வேலைகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே நாலு கட்டங்கள்: செய்பவர், ஒப்புதல் தருபவர், முன்கூட்டிக் கேட்கப்பட வேண்டியவர், முடிந்தபின் அறிவிக்கப்பட வேண்டியவர். ஒப்புதல் கட்டத்தில் ஒரே ஒரு பதவிதான் இருக்கலாம், அல்லது நிர்வாக சபை என்று இருக்கலாம். "தலைவர் அல்லது செயலாளர்" என்று எழுதினால் அந்த வேலை இருவருக்கும் இல்லை, அல்லது இருவரும் இரண்டு விதமாக முடிவு சொல்வார்கள். செய்பவர் கட்டத்தில் மாற்றாள் ஒருவரின் பெயரும் வேண்டும். பொறுப்பாளர் சுகமில்லாமல் படுத்தால் வேலை நிற்கக்கூடாது. கேட்கப்பட வேண்டியவர் கட்டத்தில் மரியாதைக்காக எல்லாரையும் போட்டு நிரப்புவது வழக்கமான பிழை. ஐந்து பேரைக் கேட்டுத்தான் ஒரு மலர்வளையம் வாங்க முடியும் என்றால், மலர்வளையம் மரணவீடு முடிந்த பிறகுதான் வரும்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை நிவாரணத்தில் பார்க்கலாம். வெருகல் ஆறு பெருகி, நன்கொடையாளர் ஒருவர் 60 உலர் உணவுப் பொதி தருகிறார் என்று வையுங்கள். பொறுப்புத் தாள் இல்லாத சங்கத்தில் நடப்பது இது: தலைவர் நன்கொடையாளரிடம் "எண்பது குடும்பம் இருக்கு" என்கிறார், பொருளாளர் மூதூரில் பத்துப் பேருக்கு வாக்குக் கொடுக்கிறார், வெருகல் கிளை ஒரு பட்டியலும் இளைஞர் அணி இன்னொரு பட்டியலும் எடுக்கின்றன. பொதி இறங்கும் இடத்தில் சண்டை வருகிறது.

பொறுப்புத் தாள் இருந்தால் நன்கொடையாளரோடு பேசுபவர் செயலாளர் மட்டுமே. பட்டியல் எடுப்பவர் வெருகல் கிளைச் செயலாளர். அதைக் கிராம உத்தியோகத்தரின் விபரத்தோடு ஒப்பிட்டு ஒப்புதல் தருபவர் நிவாரணப் பொறுப்பாளர். பொதிகளை எண்ணி வாங்கி, பதிவேட்டில் கையெழுத்து எடுத்துக் கொடுப்பவர் மூன்றாவது ஆள்; பட்டியல் எடுத்தவரே பொதியையும் கொடுக்கக்கூடாது. கிளைத் தலைவருக்கும் பொருளாளருக்கும் முடிந்தபின் அறிவித்தால் போதும்.

பட்டியலில் ஒரே குடும்பம் இரண்டு தரம் ஏறுவது மிகச் சாதாரணம். ஒன்றில் கணவன் பெயர், மற்றதில் மனைவி பெயர். ஆகவே குடும்பத் தலைவரின் அடையாள அட்டை இலக்கமும் கிராம உத்தியோகத்தர் பிரிவும் கட்டாயம். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும். 2016 முதல் வரும் புதிய அட்டையில் 12 இலக்கம். ஒரே ஆள் இரண்டு பட்டியலில் இரண்டு இலக்கத்தோடு நிற்கலாம். பழைய இலக்கத்தின் முன்னால் 19 போட்டு, அதன் ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு 0 சேர்த்து, கடைசி எழுத்தை விட்டுவிட்டால் 12 இலக்கம் வரும். எல்லாவற்றையும் அப்படி மாற்றி வரிசைப்படுத்தினால் இரட்டைப் பதிவு உடனே தெரியும். இந்தப் பட்டியலைக் குழுவில் படமாகப் போடவே கூடாது. ஆளின் இலக்கமும் வறுமையும் சேர்ந்து ஊர் சுற்றும். தனிப்பட்ட தரவுகளுக்கென்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது.

காசுக்கு எல்லை போடாத பொறுப்புத் தாள் பாதித் தாள். மாதிரிச் சங்கத்துக்கு இப்படி வைக்கலாம்: ரூபா 5,000 வரை பொறுப்பாளர் தானே செலவழித்துப் பற்றுச்சீட்டுக் கொடுக்கலாம், 25,000 வரை செயலாளரின் எழுத்து ஒப்புதல், அதற்கு மேல் நிர்வாக சபைத் தீர்மானம். தொகைகளைச் சங்கத்தின் வரவுக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். கேட்பவர், ஒப்புபவர், காசைக் கொடுப்பவர் மூவரும் மூன்று ஆட்களாக இருப்பதை மட்டும் மாற்றாதீர்கள். உறவினரின் விண்ணப்பம் வரும்போது ஒப்புதல் தருபவர் விலகி, மாற்றாளிடம் கொடுக்க வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதிவிடலாம். ஊர்ச் சங்கத்தில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு முறையில் சொந்தம்தான், ஆகவே இந்த வரி அடிக்கடி தேவைப்படும்.

அடுத்தது வழிகள். அறிவித்தலுக்கு ஒரு வட்ஸ்அப் குழு, நிர்வாகிகள் மட்டும் எழுதக்கூடியதாக. அதில் ஒரு கிழமைக்கு இரண்டு மூன்று செய்திக்கு மேல் போகாமல் பார்த்தால்தான் மக்கள் அதன் சத்தத்தை அணைக்காமல் வைத்திருப்பார்கள். சிலர் குழுவுக்குப் பதிலாக ஒலிபரப்புப் பட்டியலை விரும்புகிறார்கள். உறுப்பினரின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது என்பது அதில் நல்லது, பெண்கள் அதிகமுள்ள சங்கங்களுக்கு மிக நல்லது. ஆனால் ஒரு பட்டியலில் 256 பேர்தான் அடங்குவர். அதோடு சங்கத்தின் எண்ணைத் தன் தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். சேமிக்காதவருக்குப் போகவில்லை என்று அனுப்பியவருக்குத் தெரியவும் வராது. உறுப்புரிமைப் படிவம் நிரப்பும் மேசையிலேயே எண்ணைச் சேமிக்கச் செய்துவிடுவது ஒன்றே பரிகாரம்.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்குக் குறுந்தகவல். தமிழில் ஒரு குறுந்தகவலில் 70 குறிகள்தான் கொள்ளும். நீண்டால் 67 குறிகள் கொண்ட துண்டுகளாகப் பிரிந்து, துண்டுக்குத் துண்டு காசு. ஆங்கில எழுத்தில் 160. தமிழில் புள்ளியும் கொம்பும் சுழியும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. "கூட்டம்" என்ற நாலு எழுத்து 7 குறி. "27 ஞாயிறு மாலை 4 மணி, மூதூர் கிளைக் கூட்டம். வராதவர் அறிவிக்கவும்." என்பது இடைவெளிகளோடு 66 குறி; ஒரே துண்டில் அடங்கும். "அன்பார்ந்த உறுப்பினர்களே" என்று தொடங்கினால் அதிலேயே மூன்றிலொரு பங்குக்கு மேல் போய்விடும்.

வேலைப் பேச்சுக்கு ஒவ்வொரு பொறுப்பாளருக்கும் ஒரு சிறு குழு; ஐந்து முதல் எட்டுப் பேர். வேலை முடிந்ததும் மூடப்பட வேண்டிய குழுவுக்கு முடிவுத் திகதியைப் பெயரிலேயே வையுங்கள்: "வெள்ள நிவாரணம், ஜனவரி 31 வரை" என்று. இல்லாவிட்டால் இரண்டு வருடத்தில் ஒவ்வொருவர் கையிலும் பதினைந்து செத்த குழுக்கள் கிடக்கும், எதில் எழுதுவது என்ற பழைய குழப்பம் புது வடிவத்தில் திரும்பி வரும். இந்த மூன்றாவது முறை தோற்கும் இடங்களில் பெரும்பாலானவை இதனால்தான்.

முடிவுக்கு ஓரிடம்: கூட்டறிக்கைப் புத்தகம். தைத்த புத்தகம், பக்கம் இலக்கமிட்டது. தீர்மான இலக்கம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், செய்யப்போகிறவர், முடிக்க வேண்டிய திகதி. கடைசி இரண்டும் பல சங்கங்களின் புத்தகத்தில் இல்லை, அடுத்த கூட்டத்தில் "அதை யார் பாத்தது?" என்ற கேள்வி அதனால்தான் எழுகிறது. அவசரத்துக்குக் குழுவில் ஒப்புதல் பெற்றால், அடுத்த கூட்டத்தில் அதை உறுதிப்படுத்திப் புத்தகத்தில் ஏற்றும்வரை அது முடிவு ஆகாது என்று யாப்பின் உபவிதியில் சேர்த்துவிடலாம்.

வெளியே போகும் கடிதம் எல்லாம் செயலாளரின் கையெழுத்தோடு, தலைப்புக் கடிதத்தாளில், கோவை இலக்கத்தோடு. பிரதேச செயலகத்துக்கு எழுத வேண்டியதைப் பிரதேச சபைக்கு எழுதுவதும், மாகாணத் திணைக்களத்துக்குப் போக வேண்டியதைக் கச்சேரிக்கு அனுப்புவதும் மாதக் கணக்கில் காலத்தைத் தின்னும். மாகாண நிர்வாகமும் மாவட்டச் செயலகமும் ஒரே பட்டினத்தில் இருப்பதால் இந்தத் தடுமாற்றம் இங்கே கூடுதல். எந்த விடயம் எந்த அலுவலகம் என்ற ஒரு பட்டியல் செயலாளரின் கோவையில் முதல் தாளாக இருக்கட்டும்.

சேருவில, கந்தளாய்ப் பக்கம் சிங்களம் பேசும் உறுப்பினர்கள் இருந்தால் ஒவ்வோர் அறிவித்தலும் இரு மொழியிலும் ஒரே நேரத்தில் போக வேண்டும். மொழிபெயர்ப்பவரும் ஒரு பொறுப்பாளர்தான், அவர் பெயரும் தாளில் வேண்டும். பிறகு அனுப்புவோம் என்று விட்டால் அவர்கள் இரண்டாந்தர உறுப்பினர் ஆகிவிடுகிறார்கள். திகதியையும் நேரத்தையும் இலக்கத்தில் எழுதினால் இரு பிரதிகளையும் எவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கூட்டத்தை வெள்ளிக்கிழமை நண்பகலில் வைக்காதிருப்பதும் இதே கவனத்தைச் சேர்ந்தது. ஜும்ஆத் தொழுகைக்குப் போகும் கிண்ணியா, மூதூர் உறுப்பினர்களைக் கூப்பிட்டும் கூப்பிடாதது போலாகும்.

எதைத் தேர்வது?

பதினைந்து பேர் வரை ஒரே குழு போதும். கூட்டறிக்கைப் புத்தகம் மட்டும் கட்டாயம். பதினைந்துக்கும் நாற்பதுக்கும் இடையில், ஒரே ஊருக்குள் என்றால், குழுவை அறிவித்தலுக்கு மட்டும் என்று மாற்றி, காசுக்கும் கடிதத்துக்கும் பொறுப்பாளரை எழுதிவிட்டால் சமாளிக்கலாம். நாற்பதைத் தாண்டினாலோ, இரண்டாவது கிளை திறந்தாலோ, வெளியார் காசு வரத் தொடங்கினாலோ மூன்றாவது முறைக்கு மாற வேண்டும். மூன்றில் காசுதான் முதற்காரணம்: முப்பது பேர் உள்ள சங்கமானாலும் நன்கொடை வாங்கினால் பொறுப்புத் தாள் இல்லாமல் வாங்கக்கூடாது.

எந்த அளவானாலும் தொலைபேசிச் சங்கிலி ஒன்று தாளில் இருக்கட்டும். வருடத்தில் இரண்டு தரம், ஒக்டோபரிலும் ஏப்ரலிலும், அதை ஒத்திகை பாருங்கள். எண் மாறியவர்கள் அப்போதுதான் தெரியவருவார்கள்.

கிளைத் தலைவர்கள் ஒருவருக்கொருவர் பேசாத சங்கத்துக்கு மூன்றாவது முறையை உடனே புகுத்த வேண்டாம். பொறுப்புத் தாளை ஒருவரையொருவர் குற்றம் சொல்லும் ஆயுதமாக எடுத்துக்கொள்வார்கள். ஆறு மாதம் படிமுறையில், எல்லாரும் மதிக்கும் ஒரு செயலாளரின் கையில் ஓடவிட்டு, பிறகு மாற்றுவதே நல்லது.

மாறும் முறையும் கையளிப்பும்

பழைய குழுவை ஒரேயடியாக அழித்தால் மனத்தாங்கல் வரும். முதல் கிழமை பொறுப்புத் தாளை நிர்வாக சபை நிறைவேற்றி, அலுவலகச் சுவரிலும் கிளைகளிலும் ஒட்டட்டும். இரண்டாம் கிழமை புதிய அறிவித்தல் குழுவைத் திறந்து இரண்டிலும் ஒரே செய்தியைப் போடலாம். நாலாம் கிழமை பழைய குழுவில் நிர்வாகிகள் மட்டும் எழுதலாம் என்று பூட்டி, உரையாடலை ஏற்றுமதி செய்து சங்கக் கணினியில் வைக்கலாம். உறுப்பினர்கள் அரட்டைக்குத் தங்களுக்குள் ஒரு குழு வைத்துக்கொள்வது அவர்கள் விருப்பம். சங்கத்தின் பெயரையும் இலச்சினையையும் அதில் போடக்கூடாது.

பிறகு வருடாந்தப் பொதுக்கூட்டம் வரும், பதவிகள் கைமாறும். கட்டிய ஒழுங்கு எல்லாம் குலைவது அந்த இரண்டு கிழமையில்தான். சங்கத்தின் எண் பழைய செயலாளரின் சொந்தச் சிம் ஆக இருந்தால் அவர் போகும்போது எண்ணும் போகும். ஆகவே சங்கத்துக்கென்று தனிச் சிம் வாங்கி, யார் பெயரில் பதிவு என்பதைக் கூட்டறிக்கையில் எழுதுங்கள். ரீலோட் போடாமல் கிடக்கும் எண் வேறொருவருக்குப் போகலாம். 120 நாள் தொடாமல் விட்ட வட்ஸ்அப் கணக்கும் பொதுவாக அழிக்கப்பட்டுவிடும். ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது இரண்டு நிர்வாகிகள், இரு வேறு பதவியிலிருந்து. வட்ஸ்அப்பின் ஆறு இலக்க இரகசிய எண், மின்னஞ்சலின் கடவுச்சொல், அதை மீட்கும் தொலைபேசி எண் மூன்றும் மூடிய உறையில் அலுமாரியில். உறையின் மேல் பழையவரும் புதியவரும் கையெழுத்து. வங்கியில் கையெழுத்து மாற்றப் பொதுக்கூட்டத் தீர்மானத்தின் உறுதிப்படுத்திய பிரதி கேட்பார்கள். அதைக் கூட்டம் முடிந்த அன்றே எழுதி, தலைமை தாங்கியவரின் கையெழுத்தும் வாங்கிவிட்டால் மறுநாளே வங்கிக்குப் போகலாம். மாற்றம் முடியும்வரை பழைய கையெழுத்தாளர்கள் காசோலையில் ஒப்பமிடலாமா, எவ்வளவு தொகை வரை என்பதையும் அதே கூட்டத்தில் தீர்மானியுங்கள். மரண உதவி கேட்டு வரும் குடும்பத்தை வங்கிப் படிவம் முடியும்வரை காத்திருக்கச் சொல்ல முடியாது.